இரண்டாம் கரண்டி

அக்டோபர் 23, வியாழன்

ஜனவரியில் கொடுக்க வேண்டிய டைரியை ஐப்பசி மாதம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள் ஒருத்தி. செராமிக் மண்ணில் கலக்கும் மருந்து விற்கிற கம்பெனியின் ஆள். பெயர் ஹேமாவதி. “பாட்டிக்கு ஒண்ணு” என்று மேசைமேல் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள்.

பாட்டியாம். எனக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரே வயது. அறுபத்தெட்டு.

அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மரகதவல்லியின் மகள் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அதே மூக்கு. நிற்கும்போது வலது காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு நிற்பாள் மரகதம், இவளும் அப்படியே நிற்கிறாள். முப்பத்திநாலு வருஷமாக என் வீட்டு வாசலை மிதிக்காத குடும்பம், இப்போது நீலக் கேனில் மருந்தை ஊற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

நான் நாலாம் வகுப்புதான். ஆனால் வெள்ளைத் தாள் சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்காது. பத்து மாதம் காலியாகப் போய்விட்டது, மிச்சத்தையாவது எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கடைசி வரிசை. என் வீட்டுக்காரர் காலத்தில் பியூஸ் கட்டைதான் செய்தோம். இப்போது எந்த வீட்டிலும் யாரும் பியூஸ் கட்டை மாட்டுவதில்லை, சுவிட்ச் மாதிரி ஒன்று வந்துவிட்டது. அதனால் மகள் வசுமதி காப்பிக் குவளைக்கு மாறியிருக்கிறாள். புதுச்சேரியில் ஒரு ஓட்டல்காரர் அறுநூறு குவளை மாதிரிக்குக் கேட்டிருக்கிறார். நவம்பர் 20-க்குள் போய்ச் சேர வேண்டும். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அவருக்கு நாம்தான். பிடிக்கவில்லையென்றால் வார்க்கிற கொட்டகையை மூடிவிடுவேன் என்கிறாள் வசு. அங்கே வேலை செய்கிற தெய்வானையும் இன்னும் மூன்று பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

குவளை வார்ப்பது பெரிய வித்தை இல்லை. மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் சேறு. அதில் சிலிகேட்டு ஒரு கரண்டி விட்டால், ஒரு சொட்டு தண்ணீர் கூட்டாமலே சேறு இளகிப் பால் மாதிரி ஓடும். அந்த மண்பாலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், குவளை உள்ளே நின்றுவிடும். அளவு தப்பக் கூடாது. கூடிப்போனால் பால் மறுபடி இறுகிக்கொள்ளும். நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் கரண்டி என் கையில் இருந்தது.

இனிமேல் சிலிகேட்டு வேண்டாமாம். அது அச்சை அரிக்கிறதாம். நீலக் கேன் மருந்துதானாம். வசு சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 24, வெள்ளி

மரகதவல்லி எனக்குச் செய்தவை. 1991 ஜூன் 9, ஞாயிறு, என் கொழுந்தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன், வரவில்லை. 1994, போகிக்கு முந்தின நாள், பாலக்கரையில் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனாள், மாம்பழக் கலர் சேலை. 2003-ல் என் வீட்டுக்காரர் போனபோது எஸ்டேட்டே வந்தது. அவள் வரவில்லை. ஒன்றையும் நான் மறக்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

டைரியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். நேற்றைய பக்கத்தில், ‘பல்லுக்குப் போடும் உறையும் செராமிக்தான்.’ இன்றைக்கு, ‘காரின் புகைக்குழாய்க்குள் தேன்கூடு போல ஒரு செராமிக் கட்டி இருக்கிறது, புகையை வடிகட்டுகிறது.’ புரட்டிப் பார்த்தேன். இடுப்பெலும்பு தேய்ந்தவர்களுக்கு வைக்கிற குண்டு. மொட்டை மாடிக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட். ஒட்டாத தோசைக்கல். டிசம்பர் கடைசிப் பக்கத்தில் மட்டும் கொட்டை எழுத்தில், ‘பத்தே வருடத்தில் தேவை இரு மடங்காகும்’ என்று போட்டிருக்கிறது.

பேத்தி கவின்மொழி கடலூரில் இருந்து போன் பண்ணினாள். படித்துக் காட்டினேன்.

“ஆயா, நீ இப்போ பேசுற போன்லயே இருக்கு. உள்ள எள்ளு மாதிரி நூத்துக்கணக்குல இருக்கும். எல்லாம் செராமிக்.”

“நம்ம ஊரு மண்ணா?”

“எந்த ஊரு மண்ணோ. நீ மாவு சலிக்கிற மாதிரி எவளோ ஒருத்தி சலிச்சிருப்பா.”

போனை வைத்தபிறகு வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியான வெயில் கூடத்தில் சாய்ந்து விழுந்தது. ஒருத்தியின் பல்லில், ஒருத்தியின் இடுப்பில், ஓடுகிற காரின் வயிற்றில், என் காதோரத்தில் எல்லாம் அதே வெள்ளை. ஊரே ஒரு தொட்டிக்குள் கரைந்து மெதுவாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது. கண் செருகிவிட்டது.

அக்டோபர் 27, திங்கள்

நீல மருந்து ஆரம்பம். ஹேமாவதி காலையிலேயே வந்தாள். ஓட்டை போட்ட கிண்ணத்தில் மண்பாலை ஊற்றி, எத்தனை வினாடியில் வடிகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிறாள். எனக்கு விரலை முக்கி எடுத்தால் போதும். சொட்டு நுனியில் எவ்வளவு நேரம் தொங்குகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்தாள். எத்தனை மில்லி விட்டது, யார் விட்டது, எத்தனை மணிக்கு என்று எழுதி, தெய்வானையிடம் கையெழுத்து வாங்கினாள்.

“எதுக்கும்மா இது? தொட்டிக்குப் பத்திரம் எழுதுறியா?” என்றாள் தெய்வானை.

“தினமும் போடணும்க்கா. யார் ஊத்துறாங்களோ அவங்க.”

என்னிடம் நீட்டவில்லை. நான்தான் ஊற்றவில்லையே.

“மார்க்கெட் ஏறிட்டு இருக்கு பாட்டி. குஜராத்துல மோர்பியில டைல்ஸ்காரங்க இந்த மருந்தை டேங்கர் லாரியிலேயே வாங்குறாங்க. நம்ம ஊர்ல இப்பதான் கேன். இன்னும் நாலு வருஷம் பாருங்க.”

“எனக்குத் தெரிஞ்ச மார்க்கெட்ல கத்திரிக்கா விக்கும்” என்றேன். வசு என்னை முறைத்தாள். ஹேமாவதி சிரித்தாள். மரகதமும் அப்படித்தான் சிரிப்பாள், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு.

அக்டோபர் 28, செவ்வாய்

அஞ்சரைக்கு எழுந்து பட்டறைக்குப் போனேன். யாரும் வரவில்லை. மழை வருகிற மாதிரி வானம் தாழ்ந்து கிடந்தது. தொட்டி அந்த அரைவெளிச்சத்தில் தனியாக வெளுத்திருந்தது, தூங்குகிற குழந்தையின் முகம் மாதிரி. விரலை முக்கினேன். சொட்டு கொஞ்சம் அதிக நேரம் தொங்கியது.

வழக்கமாகச் செய்வதைச் செய்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 29, புதன்

காலையில் பட்டறை. பிறகு ரேஷன் கடை. பிறகு தூக்கம்.

அக்டோபர் 31, வெள்ளி

முப்பத்தாறு குவளை வார்த்ததில் பதினெட்டு அச்சைவிட்டு வரவில்லை. ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வந்த பதினெட்டிலும் பாதிக்கு, கைப்பிடி சேருகிற இடத்தில் முடி மாதிரி விரிசல்.

“மழை ஈரம். அச்சு காயலை” என்றாள் தெய்வானை.

“அச்செல்லாம் ராத்திரி சூளைக்கிட்ட வச்சுதானே எடுத்தோம்?” என்றாள் வசு.

புது மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். சொன்னது நியாயம்தான். நாற்பத்தைந்து வருஷம் சிலிகேட்டில் எனக்கு ஒரு கைப்பிடி விரிந்ததில்லை. ஒரே ஒரு தரம் தவிர. அது என் கை இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நவம்பர் 1, சனி

மத்தியானம் ஒரு கனவு. மணிமுத்தாறு முழுக்க மண்பால் ஓடுகிறது. கரை, படித்துறை, எல்லாம் வெள்ளை. பெண்கள் இறங்கிக் குளிக்கிறார்கள், ஏறும்போது எல்லோர் முகமும் ஒன்றாக இருக்கிறது. யாரோ கரண்டியால் ஆற்றைக் கலக்குகிறார்கள். ஒன்று என்று எண்ணுகிற சத்தம் கேட்டது. ரெண்டு என்று கேட்பதற்குள் முழித்துவிட்டேன். தலையணை ஈரமாக இருந்தது. வாய் திறந்து தூங்கியிருப்பேன்.

நவம்பர் 3, திங்கள்

ஹேமாவதி ஓடி வந்தாள். கிண்ணத்தில் வடித்தாள், மறுபடி வடித்தாள். பையிலிருந்து தன் பொட்டியை எடுத்து, நம் மண்ணையே புதிதாகக் கரைத்து, தன் மருந்தை விட்டுக் காட்டினாள். அது பட்டு மாதிரி ஓடியது. தொட்டியில் உள்ளது கஞ்சி ஆறின மாதிரி நின்றது.

“அளவு சரியாத்தானே ஊத்துறீங்க அக்கா?”

“நீதானே நோட்டுல எழுதி வச்சிருக்க. பாரு. என் கையெழுத்துதான்” என்றாள் தெய்வானை. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. கையெழுத்துப் போட்டவள் பயப்படத்தானே செய்வாள்.

“தண்ணி மாறிச்சா? மண்ணு லோடு மாறிச்சா?”

“ரெண்டும் அதேதான்” என்றாள் வசு.

அந்தப் பெண் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மண்பாலில் மங்கலாக விழுந்து, சுழன்று, அழிந்தது. நான் வெந்நீர் வைக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

என்ன நடந்தது என்பதையும் எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

1991 மார்ச் 12, செவ்வாய். அப்போது நானும் மரகதவல்லியும் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. இன்றைக்கு அந்தக் கம்பெனி இல்லை. ஒரே தொட்டி, ரெண்டு பேர். அன்றைக்கு வார்த்தது மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான். முழுத் தொட்டியும் இறுகி, வார்த்தது முழுக்க விரிசல். சூப்பர்வைசர் கோதண்டபாணி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, தொட்டியில் யார் கை வைத்தது என்று கேட்டார். காலையில் மரகதம் தொட்டிகிட்ட நின்றாள் என்று சொன்னேன். அவள் நின்றாள். நின்றதைத்தான் சொன்னேன். ஊற்றினாள் என்று என் வாயால் சொல்லவில்லை.

அவளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி நின்றாள். பச்சைச் சேலை, சிவப்புக் கரை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். அதில் பாதி சோறு எனக்காகக் கொண்டுவந்தது.

அவள் ஏன் மறுத்துப் பேசவில்லை? பேசியிருக்கலாமே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் வசுவுக்குக் காய்ச்சல். நூற்றிமூன்று. ஆறு வயசு. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். எட்டு மணிக்குக் கம்பெனிக்குள் போனது தெரியும். பத்து மணிக்கு டீ குடித்தது தெரியும், டீயில் எறும்பு கிடந்ததுகூடத் தெரியும். நடுவில் உள்ள ரெண்டு மணி நேரம் நினைவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்றைக்கும் போனேன், அஞ்சரைக்கு. ஏன் போகிறேன் என்று கேட்டால் என்ன சொல்ல? அந்த நீலத் தண்ணீரை நம்பி விட்டுவிட முடியுமா? இறுகுகிறது என்றால் இளக வைக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

மத்தியானம் தெய்வானை ஒட்டிக்கொண்ட குவளைகளைச் சுரண்டிக்கொண்டே, “இந்தக் குவளைக்கு நம்ம அச்சை விட்டுப் போக மனசில்ல. புதுச்சேரி வேணாங்குது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. மூன்றாவது பெண்ணுக்கு வரன் பார்க்கிறாள் அவள், வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் பேச்சு நடக்கிறது.

சாயங்காலம் வசு ஹேமாவதியை வரச்சொல்லி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

“திங்கக்கிழமை கேனை எடுத்துட்டுப் போயிடும்மா. உங்க மேலிடத்துக்கும் எழுதப் போறேன். மருந்து சரியில்லைன்னு.”

“அக்கா, எழுதினா இந்த மாவட்டத்தை என்கிட்ட இருந்து எடுத்துடுவாங்க. ஏற்கனவே பொம்பளப் புள்ளைக்குக் கெமிக்கல் லைன் ஆவாதுன்னு சொல்றாங்க. மருந்துல ஒண்ணும் இல்லக்கா. எனக்கு எங்கேன்னு தெரியல, ஆனா மருந்துல இல்ல.”

“அப்ப எங்க பொண்ணுங்க பொய் சொல்றாங்களா?”

ஹேமாவதி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி நின்றாள்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 8, சனி

மழை. பட்டறை லீவு. மண் அரைக்கிற உருளை ஓடாமல் எஸ்டேட் முழுக்க அமைதி. கூரையில் மழை விழுவதும் உருளைக்குள் கல் உருளுவதும் ஒரே சத்தம்தான், நடுவில் எது நிற்கிறது எது தொடர்கிறது என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்தச் சத்தத்திலேயே கொஞ்சம் தூங்கி, கொஞ்சம் முழித்து.

அன்றைக்குக் காலை எட்டு மணி. கதவுக்கு வலப்பக்கம் ஆணியில் என் சேலைத் தலைப்பு மாட்டிக் கிழிந்தது. மரகதம், “வசு எப்படி இருக்கா?” என்றாள். நூற்றிமூன்று என்றேன். கரண்டியை எடுத்து ஒன்று விட்டேன். கலக்கினேன். மேலே வெளிச்சம் வட்டமாகச் சுற்றியது. பிள்ளை கண் மேலே சொருகினால் யார் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரிக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டே கலக்கினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம், இன்னும் சிலிகேட்டு விடவில்லையே என்று தோன்றியது. கரண்டியை எடுத்தேன்.

மரகதம் தொட்டியின் அந்தப் பக்கம் நின்றாள். “ஏண்டி அஞ்சலை, விட்டுட்டியே?” என்றாள். “இல்ல, இப்பதான் விடுறேன்” என்றேன். விட்டேன்.

ஆணி, கிழிசல், அவள் குரல், எல்லாம் அப்படியே இருக்கிறது. நினைவில்லை என்று நாலு நாளைக்கு முன்னால் எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. அது அப்படியே கிடக்கட்டும்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் போகவில்லை. அஞ்சரைக்கு முழிப்பு வந்தது, படுத்தே இருந்தேன்.

பத்து மணிக்கு ஹேமாவதி வந்து கேன்களை ஸ்கூட்டர் முன்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கேன் நிற்காமல் சாய்ந்து சாய்ந்து வந்தது. யாரும் கை கொடுக்கவில்லை. வசு ஆபீஸ் அறையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எனக்கு ரெண்டு பேரும் தெரிந்தார்கள்.

வசுவின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“அம்மா, என்ன பண்ற!”

“கட்டாதே” என்றேன் அந்தப் பெண்ணிடம். “மருந்து நல்லாத்தான் இருக்கு. நான் தினம் காலையில வந்து சிலிகேட்டு ஊத்தினேன்.”

மழை நின்று சொட்டிக்கொண்டிருந்தது. தெய்வானை கொட்டகை வாசலில் கையில் குவளையோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெண் திட்டப்போகிறாள், அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஹேமாவதி கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டாள்,

“எத்தனை கரண்டி பாட்டி?”

“ஒண்ணு.”

“எந்தக் கரண்டி? கொண்டாங்க.”

கொண்டுவந்தேன். அதில் தண்ணீர் விட்டு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். “எத்தனை நாளா?” போன மாதம் 28-லிருந்து என்றேன், நடுவில் ஞாயிறும் அந்த மழைநாளும் இல்லை என்றேன். எழுதினாள். கூட்டினாள். “ரெண்டு மடங்கு. ரெண்டு மருந்தும் சேர்ந்து ரெண்டு மடங்கு ஆயிருக்கு. அதான் இறுகியிருக்கு. அப்பாடா” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வசு என்னைப் பார்க்கவில்லை. “தெய்வானையை நிறுத்தலாம்னு நேத்துதான் நினைச்சேன். அவ மருந்தைத் திருடுறாளோன்னுகூட நினைச்சேன். நினைக்க வச்சுட்டியேம்மா.” அப்புறம், “அஞ்சரைக்கு நீ பால் வாங்கப் போறேன்னு நினைச்சிட்டு இருந்தேன்” என்றாள்.

தெய்வானை குவளையை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். விரிசல் விட்ட குவளை.

ஹேமாவதி அந்த நோட்டை நீட்டினாள். “கையெழுத்துப் போடுங்க பாட்டி. நீங்க ஊத்தினதுக்கும் கணக்கு இருக்கணும்.”

“யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?”

“எங்கம்மா. இந்த லைனுக்கு வந்த அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. தொட்டிக்கிட்ட நிக்கிறவ மேல பழி வரும், யார் ஊத்தினாலும் எழுதி வாங்கிக்கோன்னு. ஏன்னு கேட்டேன், சொல்லல.”

அஞ்சலாட்சி என்று போட்டேன். கோணல்மாணலாக வந்தது.

நவம்பர் 13, வியாழன்

தொட்டியைக் கொட்டிக் கழுவிவிட்டார்கள். புதுக் கரைசல். தெய்வானைதான் ஊற்றுகிறாள். எனக்குத் தொட்டிப் பக்கம் போகத் தடை. ஈரத்துணியால் கைப்பிடிக்குப் பிசிறு துடைக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். தெய்வானை இன்னும் பேசவில்லை. துணியை மட்டும் நனைத்து என் பக்கம் தள்ளுகிறாள்.

நவம்பர் 18, செவ்வாய்

சூளை திறந்தார்கள். அறுநூற்றிநாற்பதில் ஐந்நூற்றித் தொண்ணூறு தேறியது. பத்து குறைச்சல். முன்னால் வார்த்ததில் நல்லதாக நின்றவற்றில் பத்தை எடுத்துச் சேர்க்கலாம் என்றாள் ஒருத்தி. வசு கூடாது என்றாள். ஐந்நூற்றித் தொண்ணூறுதான் என்று ஓட்டல்காரரிடம் போனிலேயே சொல்லிவிட்டாள். அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றாராம்.

ஒரு குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். என் விரல் நிழல் மறுபக்கம் லேசாகத் தெரிந்தது. இவ்வளவு மெல்லிசாக எங்கள் பட்டறையில் வந்ததில்லை. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, மருந்து நல்ல மருந்து.

நவம்பர் 21, வெள்ளி

மரகதவல்லி வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால். கம்பெனியை விட்டுப் போனபிறகு ஒரு டைல்ஸ் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, அப்புறம் அங்கேயே விற்கிற ஆளாகி, இருபத்திரண்டு வருஷம் இருந்தாளாம். ஹேமாவதி சொன்னாள். வீட்டுச் சுவர் பாதிக்கு மேல் விதவிதமான டைல்ஸ், ஒன்றுக்கொன்று சேராத மிச்சங்கள். பார்த்துக்கொண்டே நின்றால் ஏதோ குளத்துக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது.

அவள் முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ஹேமாவதி காப்பி போடப் போனாள்.

முப்பத்திநாலு வருஷம் வாயில் வைத்திருந்ததை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டேன். ரெண்டு தரமும் நான்தான் ஊற்றினேன். விட்டுட்டியே என்று நீ கேட்டாய். நான் காதில் வாங்கவில்லை. அப்புறம் உன்னைக் காட்டிக்கொடுத்தேன்.

மரகதம் சிரித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

“இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்ற? நான் ஊத்தலைன்னு எனக்குத் தெரியாதா?”

நான் உட்கார நாற்காலி தேடினேன்.

“தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு அஞ்சலை. அன்னிக்கு வரிசையில நின்ன பத்தொம்பது பேர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு நீயே சொல்லு. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே.”

சொன்னேன். பதினாறு பேர் போய்விட்டார்கள். நாங்கள் இருவர். இன்னொருவர் திருப்பூரில் மகன் வீட்டில். அதற்கு மேல் கோதண்டபாணி, வரிசையில் நிற்காதவர். பூதாமூரில் இருக்கிறார். எண்பத்தாறு வயது.

“ஞாயித்துக்கிழமை போலாம்” என்றாள்.

“போலாமா? நீயுமா?”

“நீ சொல்றியா இல்லையான்னு நான் பாக்க வேணாமா?”

நவம்பர் 23, ஞாயிறு

பதினொரு மணி பஸ். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரம் அவள் எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்று வானத்தைப் பிடித்து வைத்திருந்தது. ரெண்டு பேரும் தூங்கிவிட்டோம் என்று நினைக்கிறேன், இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

கோதண்டபாணி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அடையாளம் தெரியவில்லை. பெயர் சொன்னதும், “ஆங், கம்பெனி” என்றார். நான் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

“என்னம்மா? கேக்கல.”

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

“காது மிஷின்ல பேட்டரி போயிடுச்சு. சத்தமா சொல்லு.”

“சார், 91-ல தொட்டி இறுகிச்சே! நான்தான் ஊத்தினேன்! ரெண்டு தரம்!”

எதிர்வீட்டில் ஒரு பெண் துணி காயப் போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். பெட்டிக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

“யாரு ஊத்தினா?”

“நான்! அஞ்சலாட்சி! மரகதவல்லி இல்ல! அவ மேல தப்பே இல்ல!”

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்கள். என் தொண்டை கிழிந்துவிட்டது. தெரு மெதுவாக ஒரு பக்கமாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது. மரகதம் எதிரே வேப்பமர நிழலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்கி நின்றாள்.

அவர் என்னையே பார்த்தார். “மரகதவல்லிதானே ஊத்தினது? நான்தானே வெளிய போன்னு சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு” என்றார்.

நான் திரும்பி மரகதத்தைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தேனோ என்னவோ.

அவள் அசையவில்லை. குடை நுனியால் நாற்காலியைக் காட்டினாள்.

“அந்தப் பக்கத்துக் காதுல சொல்லு” என்றாள்.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போனேன்.